வாடகை பாக்கி விழுந்தால் என்ன செய்கிறார்கள்? லண்டன் ஹவுசிங் அசோசியேசன் ஒன்றின் சேவை பற்றிய மதிப்புரை

சமூக வீடுகளைக் குறைந்த வாடகைக்கு விடும், இலாப நோக்கற்ற ஹவுசிங் அசோசியேசன்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் திருத்த வேலைகளைப் பற்றியே எழுதுகிறார்கள். பொயிலர் எப்போது சரிசெய்யப்பட்டது, பூஞ்சணம் பிடித்த சுவரைப் பார்க்க எவராவது வந்தார்களா, தொலைபேசியில் எவ்வளவு நேரம் காத்திருக்க நேர்ந்தது என்பவற்றைச் சொல்வதில் எவருக்கும் தயக்கமில்லை. வாடகை பாக்கி விழுந்தபோது அதே நிறுவனம் எப்படி நடந்துகொண்டது என்பதை எழுத மட்டும் எவரும் முன்வருவதில்லை. கடன்பட்டதை ஊரறியச் சொல்ல நம்மவர்கள் கூசுகிறார்கள். ஆனால் ஒரு குடும்பம் தன் வீட்டில் தொடர்ந்து இருக்குமா என்ற கேள்வி கடைசியில் வாடகைப் பிரிவின் மேசைக்குத்தான் போய்ச் சேர்கிறது. அதனால் அந்தச் சேவையை மட்டும் தனியே எடுத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

நான் எழுதுவது, லண்டனில் வீடுகளை வாடகைக்கு விடும் நடுத்தர அளவிலான ஒரு ஹவுசிங் அசோசியேசனின் வாடகை வசூல் பிரிவைப் பற்றி. ஆங்கிலத்தில் தடுமாறும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழித்துணையாக, அந்தப் பிரிவின் உத்தியோகத்தர்களுடன் நடந்த சந்திப்புகளிலும் தொலைபேசி உரையாடல்களிலும், சில வேளைகளில் நீதிமன்றத்திலும் நான் உடனிருந்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. குடும்பங்களின் விவரங்களையும் எவரும் இனங்காண முடியாதவாறு மாற்றியிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு உதவித்தொகைகளான கொடுப்பனவுகளைப் பெற வழிகாட்டும் இவர்களுடைய கொடுப்பனவு ஆலோசகர்கள் மிகச் சிறந்தவர்கள். ஆனால் அந்த ஆலோசகரிடம் ஒரு குடும்பம் போய்ச் சேர்வதற்கு முன்னரே, அவர்களை அச்சுறுத்தி வாயடைக்க வைக்கும் வேலையை இதே நிறுவனத்தின் கடிதங்கள் செய்துவிடுகின்றன.

பாக்கி எப்படி உருவாகிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் இந்தச் சேவையை மதிப்பிட முடியாது. இங்கிலாந்தின் சமூக வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வாடகை கிழமைக் கணக்கில் விதிக்கப்படுகிறது. திங்கட்கிழமை பிறந்ததும் அந்தக் கிழமைக்கான தொகை கணக்கில் ஏறிவிடும். வீட்டுச் சீர்திருத்தவாதியான ஒக்டேவியா ஹில் 1865இல் மேரிலபோன் பகுதியில் ஏழைகளுக்கு வீடுகளை வாடகைக்கு விடத் தொடங்கியபோது, கூலி கிழமைக்கு ஒருமுறை கிடைத்தது, வாடகை வாங்குபவரும் கிழமைக்கு ஒருமுறை கதவைத் தட்டினார். அந்த அம்மையார் பாக்கியைச் சகிக்காதவர் என்று பெயரெடுத்தவர். ஆயினும் அவருடைய முறையில் வாடகை வாங்க வந்தவர், வீட்டில் யார் நோயாய்க் கிடக்கிறார்கள், யாருக்கு வேலை போயிற்று என்பதையும் அறிந்துகொண்டே திரும்பினார். இன்று கூலியும் கொடுப்பனவும் மாதத்துக்கு ஒருமுறை வருகின்றன, வாசலுக்கு எவரும் வருவதில்லை, கிழமைக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தப் பொருத்தமின்மையிலேயே பல குடும்பங்களின் முதல் பாக்கி பிறக்கிறது. கிழமைக்கு 130 பவுண் வாடகை என்று வைத்துக்கொள்வோம். மாதம் என்றால் நாலு கிழமை என்று எண்ணி 520 பவுண் கட்டிவரும் ஒருவர், ஒரு மாதமும் தவறாமல் கட்டியும், ஆண்டு முடிவில் 520 பவுண் பாக்கிக்காரர் ஆகிவிடுகிறார். ஏனெனில் ஆண்டு வாடகை 6760 பவுண், அவர் கட்டியது 6240. சரியான மாதத் தொகை 563 பவுணும் 33 பென்சும் ஆகும். ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லாத, மாதந்தோறும் தவறாமல் பணம் கட்டிய ஒரு மனிதரின் கையில் எச்சரிக்கைக் கடிதம் வந்து சேரும்போது அவர் அடையும் அவமானத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வீடு கொடுக்கும் நாளன்று ஒப்பந்தத்தோடு ஒரு தாளில் மாதத் தொகையை எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திராது. இந்த நிறுவனம் கேட்டால் சொல்கிறது, கேட்காதவருக்குச் சொல்வதில்லை.

குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு அரசு மாதந்தோறும் தரும் கொடுப்பனவான யூனிவர்சல் கிரெடிட்டைப் பெறுபவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. விண்ணப்பித்த நாளிலிருந்து முதல் கொடுப்பனவு வர ஏறத்தாழ ஐந்து கிழமைகள் ஆகும். அதற்குள் ஐந்து கிழமை வாடகை கணக்கில் ஏறியிருக்கும். முற்பணம் கேட்டு வாங்கலாம், ஆனால் அது பின்னர் மாதாமாதம் பிடித்துக்கொள்ளப்படும் கடன். இதற்கு மேல், கொடுப்பனவின் வீட்டுச் செலவுப் பங்கு 52 கிழமை வாடகையைப் பன்னிரண்டால் வகுத்தே கணக்கிடப்படுகிறது. 2024 ஏப்ரல் 1 திங்கட்கிழமை. 2025 மார்ச் 31ஆம் திகதியும் திங்கட்கிழமை. அந்த ஆண்டில் 53 திங்கட்கிழமைகள் இருந்ததால், 53 தடவை வாடகை விதித்த நிறுவனங்களின் வாடகைதாரர்கள், முழு வாடகையும் கொடுப்பனவால் ஈடுசெய்யப்படுகிறது என்று நம்பியிருந்தவர்களும்கூட, ஒரு கிழமை வாடகைக்குப் பாக்கிக்காரர்கள் ஆனார்கள். நாட்காட்டி உண்டாக்கிய பாக்கி அது. இந்த நிறுவனம் அந்த ஆண்டு தொடங்கும்போது எல்லோருக்கும் ஒரு கடிதம் அனுப்பி, கிழமைக்கு இரண்டு மூன்று பவுண் கூடுதலாகக் கட்டி வந்தால் ஆண்டிறுதியில் இடைவெளி நிரம்பிவிடும் என்று விளக்கியது. நல்ல கடிதம், தெளிவான கணக்கு. ஆனால் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது.

ஏப்ரல் மாதத்தில் வரும் வாடகை உயர்வு மற்றொரு பொறி. சமூக வீடுகளின் வாடகை உயர்வு அரசு வகுத்த வரம்புக்கு உட்பட்டது. 2023இல் அந்த வரம்பு 7 வீதம், 2024இல் 7.7 வீதம். புதிய வாடகையை யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் வாடகைதாரரே உள்நுழைந்து உறுதிசெய்ய வேண்டும். செய்யத் தவறினால் பழைய வாடகைக்கே பணம் வரும். பல மாதம் கழித்துத் தெரிவித்தால் இடைப்பட்ட காலத்துக்கான வித்தியாசம் பொதுவாகக் கிடைப்பதில்லை. 130 பவுண் வாடகை 7.7 வீதத்தால் உயர்ந்தால் 140 பவுண். ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் 260 பவுண், உரிமையிருந்தும் கைக்கு வராமல் போன பணம். இந்த இடத்தில் நிறுவனத்தைப் பாராட்ட வேண்டும். ஏப்ரல் முதல் இரு கிழமைகளில் யூனிவர்சல் கிரெடிட் பெறும் ஒவ்வொரு வீட்டுக்கும் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். உறுதிசெய்யாதவர்களைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். தமிழ் தேவை என்றால் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் தேவைப்படாமல் போகும் அளவுக்கு ஒரு சேவை நடப்பதைப் பார்ப்பது மகிழ்ச்சி.

அந்தக் கவனம் கணக்கறிக்கையில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் இந்தத் தாளில் இடப்பக்கம் திகதிகள், நடுவில் சுருக்கக் குறியீடுகள், வலப்பக்கம் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இட்ட எண்கள். கழித்தல் குறி என்றால் நாம் கடன்பட்டிருக்கிறோமா, கூடுதலாகக் கட்டியிருக்கிறோமா என்பது எங்கும் விளக்கப்படவில்லை. நான் சந்தித்த முதியவர் ஒருவர் 96 பவுண் கூடுதலாகக் கட்டியிருந்தார். கழித்தல் குறியைப் பார்த்துக் கடன் என்று நினைத்து, குளிர்காலத்தில் ஹீட்டரைப் போடாமல் மிச்சம் பிடித்து மேலும் பணம் கட்டிக்கொண்டிருந்தார். கொடுப்பனவிலிருந்து நேராக வந்த பணம், வாடகை கட்டுவதற்கான ஆல்பே அட்டையைத் தேய்த்துத் தபாலகத்தில் கட்டிய பணம், வங்கியிலிருந்து டைரக்ட் டெபிட் மூலம் சென்ற பணம் எல்லாம் ஒரே குறியீட்டின் கீழ் வருவதால், எந்த மாதத்தில் எது தவறிற்று என்று கண்டுபிடிக்க ஒரு கணக்காளர் தேவைப்படுகிறார். சமூக வீட்டு உரிமையாளர்கள் நீதிமன்றம் செல்வதற்கு முன் பின்பற்ற வேண்டிய நடைமுறை விதிகள் 2006 முதல் இருக்கின்றன. கணக்கறிக்கை விளங்கும் வடிவில் இருக்க வேண்டும் என்றும், வாடகைதாரருக்கு வாசித்து விளங்கிக்கொள்வதில் சிரமம் இருந்தால் அவருக்கு விளங்குவதற்கு நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்றும் அவை தெளிவாகச் சொல்கின்றன. இந்தத் தாள் அந்த விதியின் எழுத்தை நிறைவேற்றுகிறது. அதன் நோக்கத்தை நிறைவேற்றவில்லை.

இனிக் கடிதங்கள். பாக்கி ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டியதும் மென்பொருள் தானாகவே முதல் கடிதத்தை அனுப்புகிறது. பணம் வராவிட்டால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. முதல் கடிதத்திலேயே "உங்கள் வீடு ஆபத்தில் இருக்கிறது" என்ற பொருளில் ஒரு வரி தடித்த எழுத்தில் வருகிறது. உதவிக்கு அழைக்க வேண்டிய எண் இரண்டாம் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில். இதன் விளைவை யாரும் ஊகிக்கலாம். பயந்தவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். அடுத்த கடித உறையைப் பிரிக்கவும் மாட்டார். இழுப்பறைக்குள் பிரிக்கப்படாமல் அடுக்கியிருந்த உறைகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்த தாய்மாரை நான் ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அந்த உறைகளுள் ஒன்றில், அவர்களுக்கு உரிய உதவியைப் பெற்றுத்தர முன்வந்த ஆலோசகரின் கடிதமும் இருந்தது. பயமுறுத்தும் கடிதமும் உதவும் கடிதமும் ஒரே நிறத்தில், ஒரே முத்திரையோடு வந்தால் எதைப் பிரிப்பது, எதை ஒதுக்குவது என்று அவர்கள் எப்படி அறிவார்கள்?

இதைவிட எனக்கு வேதனை தருவது, கடிதங்களை வாசித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் என்பது. பள்ளிக்கூடப் பையைக் கழற்றி வைத்துவிட்டு, தன் குடும்பம் வீட்டை விட்டு வெளியேற்றப்படக்கூடும் என்ற வரியைப் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளை தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்கிறது. சில பிள்ளைகள் அந்த வரியைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறார்கள். வாடகைதாரரின் மொழி எது என்பது இந்த நிறுவனத்தின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. திருத்த வேலைக்கு ஆளனுப்பும்போது அந்தப் பதிவைப் பார்க்கிறார்கள். பாக்கிக் கடிதம் அனுப்பும் மென்பொருள் மட்டும் அதைப் பார்ப்பதில்லை. முதல் கடிதத்துக்குப் பதிலாக முதல் அழைப்பு, அதுவும் அவர்களுடைய மொழியில் என்று மாற்றினால், இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பு பெரிதும் உயரும்.

கொடுப்பனவு ஆலோசகர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் நிலைமை முற்றிலும் வேறு. இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் இங்கே நடப்பதை நம்மவர்கள் பலர் அறியார்கள்.

ஒரு குடும்பத்தில் தகப்பன் களஞ்சிய வேலை செய்கிறார். சம்பளம் நாலு கிழமைக்கு ஒருமுறை. யூனிவர்சல் கிரெடிட் மாதக் கணக்கில் மதிப்பிடப்படுவதால், ஆண்டில் ஒரு மாதத்தில் இரண்டு சம்பளங்கள் ஒரே மதிப்பீட்டுக் காலத்துள் விழும். அந்த மாதம் கொடுப்பனவு மிகவும் குறைந்துவிடும், சில வேளைகளில் ஒன்றுமே வராது. குடும்பம் இதைத் தண்டனை என்று நினைத்தது. ஆலோசகர் நாட்காட்டியை எடுத்து, அடுத்த முறை எந்த மாதத்தில் அப்படி விழும் என்று குறித்துக் கொடுத்து, அதற்கு முந்திய மாதங்களில் சிறிது சிறிதாக ஒதுக்கி வைக்கும் கணக்கையும் எழுதித் தந்தார். அதே சந்திப்பில், மூத்த மகனின் வயதைக் கேட்டார். இருபத்தொரு வயதானதும், வீட்டில் இருக்கும் வளர்ந்த பிள்ளைக்காக வீட்டுச் செலவுப் பங்கிலிருந்து ஒரு நிலையான தொகை கழிக்கப்படும்; மகன் படிக்கிறானா, உழைக்கிறானா என்பதைப் பொறுத்து அத்தொகை மாறாது. சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. மகனுக்கு இருபத்தொன்று முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன, பாக்கி தொடங்கியதும் அந்த மாதத்திலிருந்தே. தாயும் தகப்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகன் வெளியேறினால் தீருமா என்று தகப்பன் கேட்டபோது, ஆலோசகர் அவசரப்படாமல் அதன் மறுபக்கத்தையும் விளக்கினார். பிள்ளை போய்விட்டால் ஓர் அறை கூடுதல் ஆகிவிடக்கூடும். 2013 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, உழைக்கும் வயதிலுள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் படுக்கையறைக்கு 14 வீதமும், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 வீதமும் வாடகை உதவியிலிருந்து வெட்டப்படும். இரண்டு வழியிலும் எவ்வளவு இழப்பு என்பதைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டி, முடிவைக் குடும்பத்திடமே விட்டார். மகன் தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அந்தக் கழிவுத் தொகையைத் தருவதாக ஏற்றுக்கொண்டான்.

இப்படிப்பட்ட அறிவு இணையத்தில் தேடினால் கிடைக்காது என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவருடைய வாழ்க்கையைக் கேட்டு, அதில் எந்த விதி எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிப்பது தேர்ந்தவரின் வேலை. இந்த ஆலோசகர்கள் உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலின் நெருக்கடி உதவி நிதிக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறார்கள், உடல்நலமின்மைக்கான கொடுப்பனவுக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், பிற கடன்கள் இருந்தால் கடன் ஆலோசனை நிலையத்துக்கு வழிகாட்டுகிறார்கள். 2021 மே மாதத்தில் தொடங்கிய "மூச்சுவிடும் கால" ஏற்பாட்டின்படி, அங்கீகாரம் பெற்ற கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால் 60 நாட்களுக்குப் பழைய கடன்கள் மீதான நடவடிக்கைகள் நிறுத்திவைக்கப்படும். நடப்பு வாடகையை மட்டும் தொடர்ந்து கட்ட வேண்டும். தமக்கு எதிராகவே பயன்படக்கூடிய இந்த உரிமையை, வாடகை வசூலிக்கும் நிறுவனத்தின் ஊழியரே வாடகைதாரருக்கு எடுத்துச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அதற்கு நேர்மை வேண்டும்.

தவணை ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வரவு செலவைக் கேட்டு எழுதி, கட்டக்கூடிய தொகையைத்தான் குறிக்கிறார்கள். கிழமைக்கு ஐந்து பவுணுக்கும் சம்மதித்திருக்கிறார்கள். பழுது ஒன்றுதான்: ஒப்பந்தம் பதிவான பின்னரும் தானியங்கிக் கடிதம் சில தடவை வந்துவிடுகிறது. ஒப்பந்தத்தின் பிரதியை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைப் பங்கை நேரடியாக நிறுவனத்துக்கே அனுப்பச் செய்யும் ஏற்பாட்டில் எனக்கு இருமனம். இரண்டு மாத வாடகைக்குச் சமமான பாக்கி சேர்ந்துவிட்டால், வாடகைதாரரின் சம்மதம் இல்லாமலும் சமூக வீட்டு உரிமையாளர் இதைக் கோரலாம். பணம் கையில் நில்லாத வீடுகளிலும், குடும்பத்தில் ஒருவர் மற்றவரின் பணத்தைப் பறிக்கும் வீடுகளிலும் இது வாடகையைக் காப்பாற்றியதைக் கண்டிருக்கிறேன். ஆனால் வேலை செய்பவரின் கொடுப்பனவு மாதத்துக்கு மாதம் மாறும்போது, நிறுவனத்துக்குச் செல்லும் தொகையும் மாறும். எவ்வளவு சென்றது, எவ்வளவை நாம் கட்ட வேண்டும் என்பது குழம்பிவிடும். வாடகை முழுவதும் போய்க்கொண்டிருக்கிறது என்று நம்பியிருந்தவர்களுக்குப் புதிய பாக்கி இப்படித்தான் வளர்கிறது. இந்த ஏற்பாட்டைக் கோரியதும் நிறுவனம் தொலைபேசியில் ஒருமுறை விளக்குகிறது. அது போதாது, முதல் மூன்று மாதமாவது, வந்த தொகையையும் மீதியையும் குறுஞ்செய்தியில் சொல்ல வேண்டும்.

நீதிமன்றக் கட்டம் குறித்து நான் எதிர்பார்த்ததைவிட நல்ல அனுபவமே கிடைத்தது. வழக்குத் தொடரப்போவதாக முன்னறிவித்தல் கொடுத்த பிறகும் தொலைபேசியில் அழைத்தார்கள், வீட்டுக்கு ஆளனுப்பினார்கள், தவணைக்கு உடன்பட்டவர்களின் வழக்கைத் தள்ளிவைத்தார்கள். கொடுப்பனவு விண்ணப்பம் முடிவாகாமல் இருந்த ஒரு பெண்மணியின் வழக்கைத் தொடங்கவே இல்லை. தேவையான ஆவணங்களைக் கொடுத்துவிட்டு, கொடுப்பனவு கிடைக்கும் என்ற நியாயமான எதிர்பார்ப்போடு, தாம் கட்ட வேண்டிய மீதியையும் கட்டி வருபவர் மீது வழக்குத் தொடரக்கூடாது என்பதே விதி, அதை மதித்தார்கள். வழக்கு நாளுக்குப் பத்து நாட்களுக்கு முன்னர் புதிய கணக்கறிக்கையும் வந்தது.

இங்கே வாசகர்கள் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கவுன்சில் வீட்டில் 1985ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட வாடகைதாரராக இருப்பவரை வாடகை பாக்கிக்காக வெளியேற்றுவதற்கு, அது நியாயமானது என்று நீதிபதி நிறைவடைய வேண்டும். ஹவுசிங் அசோசியேசன் வாடகைதாரர் பெரும்பாலும் 1988ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறார். வீட்டை மீட்கக் கேட்பதற்கு அதில் பட்டியலிட்ட காரணங்களுள் எட்டாவது காரணம் என்று ஒன்று உண்டு. முன்னறிவித்தல் நாளிலும் வழக்கு நாளிலும் குறித்த அளவுக்குப் பாக்கி இருந்தால், நீதிபதிக்கு இரக்கம் காட்டவும் இடமில்லை. கிழமை வாடகைக்கு அந்த அளவு நீண்டகாலம் எட்டுக் கிழமையாக இருந்தது. 2025 ஒக்டோபரில் சட்டமான வாடகைதாரர் உரிமைச் சட்டம் அதைப் பதின்மூன்று கிழமையாக உயர்த்துகிறது, ஆனால் அச்சட்டத்தின் பகுதிகள் ஒரே நாளில் எல்லோருக்கும் நடைமுறைக்கு வரவில்லை. நான் பார்த்த வழக்குகளில் இந்த நிறுவனம் எட்டாவது காரணத்தைப் பயன்படுத்தவில்லை; நீதிபதி நியாயத்தை எடைபோடக்கூடிய காரணங்களையே முன்வைத்தது. விளைவு, நடப்பு வாடகையோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கட்டிவரும்வரை வெளியேற்றம் இல்லை என்ற நிறுத்திவைக்கப்பட்ட உத்தரவு. இருந்தும், அந்தக் காரணத்தைப் பயன்படுத்தமாட்டோம் என்று தம் கொள்கை ஆவணத்தில் எழுதிவைக்க அவர்கள் முன்வரவில்லை. நல்ல உத்தியோகத்தர்கள் இருக்கும்வரை நல்லபடி நடக்கும் என்பது வாடகைதாரருக்குப் போதுமான பாதுகாப்பு ஆகாது.

முன்னறிவித்தலோடு வரும் தாளில், 2023 ஓகஸ்ட் 1 முதல் நடைபெறும் அரசின் இலவசச் சட்ட ஆலோசனைச் சேவை பற்றிய குறிப்பு இருக்கிறது. வீட்டை இழக்கும் ஆபத்து எழுத்தில் வந்த நாளிலிருந்தே, வருமானம் எவ்வளவாயினும், வீடு, கடன், கொடுப்பனவு ஆகிய மூன்றிலும் சட்ட ஆலோசனை பெறலாம். வழக்கு நாளன்று நீதிமன்றத்திலேயே ஒருவர் நமக்காகப் பேசுவார். நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்துவிட்டால் வழக்குத் தானாக மறைந்துவிடும் என்று நம்மிடையே ஒரு நினைப்பு இருக்கிறது. போகாதவர்களுக்கு எதிராகத்தான் மிகக் கடுமையான உத்தரவுகள் பிறக்கின்றன.

நிறுவனத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். வாடகையே அவர்களுடைய முதன்மை வருமானம். கூரையும் லிஃப்டும் தீத்தடுப்புக் கதவும் அந்தப் பணத்தில்தான் பராமரிக்கப்படுகின்றன. பாக்கியைக் கண்டுகொள்ளாமல் விடும் நிறுவனம் வாடகைதாரருக்கு நன்மை செய்வதில்லை; 200 பவுணில் பேசியிருக்க வேண்டியதை 2000 பவுணில் பேசுவது இருவருக்கும் கொடுமை. முந்திப் பேசுவதில் இவர்கள் உண்மையான அக்கறை காட்டுகிறார்கள் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் எதை அளக்கிறார்களோ அதிலேயே நிறுவனங்கள் தேறுகின்றன. சமூக வீடுகளின் ஒழுங்குமுறை அமைப்பு 2023 ஏப்ரல் முதல் 22 அளவுகோல்களைக் கொண்டு வாடகைதாரர் நிறைவை அளக்கச் சொல்கிறது. திருத்த வேலை, பாதுகாப்பு, முறைப்பாடு, அயலவர் தொல்லை எல்லாம் அதில் உண்டு. பாக்கியில் விழுந்தவரை எப்படி நடத்தினீர்கள் என்ற கேள்வி அந்த 22இல் இல்லை. இந்த நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் எத்தனை வீதம் வாடகை வசூலானது என்று பெருமையோடு எழுதுகிறது. ஆலோசகர்கள் எத்தனை குடும்பங்களை வீட்டில் தக்கவைத்தார்கள் என்பதை எழுதுவதில்லை. அவர்களுடைய சிறந்த வேலை அதுதான்.

ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னால், ஆலோசனைக்கு ஐந்து, நீதிமன்ற நடத்தைக்கு நான்கு, தவணை ஏற்பாட்டுக்கு நான்கு, கணக்கறிக்கைக்கு ஒன்று, கடிதங்களுக்கு ஒன்று. இந்த நிறுவனத்தின் வீட்டில் இருப்பவர்கள் கடிதம் வரும்வரை காத்திராமல், முதல் கிழமை தவறியதுமே அழைத்து, வாடகைப் பிரிவு என்று கேட்காமல் கொடுப்பனவு ஆலோசகர் என்று கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கேட்டால் தருகிறார்கள்.

ஹீட்டரைப் போடாமல் பணம் கட்டிய அந்த முதியவரின் சார்பில், கணக்கறிக்கையைப் பற்றியும் கடிதங்களைப் பற்றியும் முறைப்பாடு எழுத உதவினேன். முறைப்பாட்டை ஐந்து வேலை நாட்களுக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், அதிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் முதற்கட்ட மறுமொழி தர வேண்டும் என்பது வீட்டுக் குறைகேள் அதிகாரியின் விதி. இரண்டையும் காலந்தவறாமல் செய்தார்கள். கூடுதலாகக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த நிதியாண்டின் கணக்கறிக்கையில், நீங்கள் தர வேண்டியது எவ்வளவு, நாங்கள் தர வேண்டியது எவ்வளவு என்பதைச் சொற்களில் எழுதுவதாக வாக்களித்திருக்கிறார்கள். தானியங்கிக் கடிதங்களைப் பற்றி மறுமொழியில் ஒரு சொல்லும் இல்லை. அதனால் முறைப்பாட்டை இரண்டாம் கட்டத்துக்குக் கொண்டு செல்கிறோம். அதற்கு அவர்களுக்கு இருபது வேலை நாட்கள் இருக்கின்றன.